எண்ணெய் போக்கிய கதவு

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து அரியாலைக்கு வந்த இரண்டாம் வருஷம் ஸ்ரெல்லா கார் ஓட்டப் பழகினாள். ஆசைப்பட்டுப் பழகவில்லை. இருபது வருஷம் வாடகைக் கார் ஓட்டிய அவள் புருஷன் சிமியோனுக்கு, செல் குண்டு விழுந்து வலக்கை முழங்கையோடு போய்விட்டது. பழைய மொறிஸ் கார் முற்றத்து நாவல் மரத்தடியில் சும்மா கிடந்து துருவேறியது.

"கறள் பிடிச்சுச் சாகிறதைவிட நீயே ஓட்டன்" என்றான் சிமியோன்.

யுத்தத்தால் பெற்றோலுக்குத் தடை. கார்களெல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல். பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி போகிறவர்களைச் சைக்கிளில் வைத்து உருட்டிப் போன காலம் அது. அதனால் ஊரவர்கள் ஒரு சபை கூடி, ஒரு காரை அந்த வேலைக்கென்றே ஒதுக்குவது, மண்ணெண்ணெயைச் சபை கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். ஸ்ரெல்லா தன் காரைத் தருவதாகச் சொன்னாள்.

"பொம்பிளை ஓட்டுற காரிலை ஆர் ஏறுவினம்?" என்று கேட்டார் காரியதரிசி சிவசுப்பிரமணியம்.

"பிள்ளை பெறுறதும் பொம்பிளைதானே" என்றாள் மருத்துவிச்சி ஞானாம்பிகை. சபை அந்தக் காரையே ஒதுக்கியது.

தாயும் சேயும் வரைந்த நீல வட்டச் சின்னம், ஸ்ரிக்கராக இரண்டு, கொழும்பில் அச்சடித்துக் கிளாலிக் கடலால் வந்து சேர்ந்தது. கதவுக்கு ஒன்று. சின்னத்தைக் கண்டால் தெருவில் வழி விடுவார்கள், காவலரணில் மறிக்கிறவர்களும் மறிக்கமாட்டார்கள் என்பது ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கார் ஓடவேண்டும். வெள்ளி காலை சிவசுப்பிரமணியம் இரண்டையும் ஸ்ரெல்லாவின் கையில் கொடுத்து, "கவனம் பிள்ளை, இனி எடுப்பிக்க ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கிணற்றடியில் நின்ற நேரம் சிமியோன் தானும் ஏதாவது செய்யவேண்டும் என்று எழுந்தான். மண்ணெண்ணெய்த் துணியால் இரண்டு கதவுகளையும் பளபளவென்று துடைத்தான். ஒரு கையால் மெல்ல மெல்ல உரித்து ஒரு ஸ்ரிக்கரை ஒட்டியும் விட்டான். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் ஓரம் சுருண்டது. மத்தியானம் முழுதாகக் கழன்று மணலில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் பசை முழுக்க மணல்.

சிமியோன் காருக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டான். "என்ரை கையாலை இனி ஒண்டும் உருப்படாது."

ஸ்ரெல்லாவுக்குக் கோபம் நெஞ்சுவரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டது. "பிழை உங்கடை கையிலை இல்லை. மண்ணெண்ணெயிலை."

அவளுடைய தகப்பன் சூசைதாசன் பைபர் வள்ளத்துக்கு ஒட்டுப்போடுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் அவள். எண்ணெய் பட்ட இடத்தில் எந்தப் பசையும் ஏறாது. ஒரு செம்புத் தண்ணீரை மற்றக் கதவில் ஊற்றினாள். தண்ணீர் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு ஓடியது.

"பாருங்கோ, எண்ணெய் இன்னும் குந்தியிருக்குது. இருபது வருஷமா நீங்கள் பூசின பொலிஷும் சேர்ந்திருக்குது."

சவர்க்காரம் எங்கும் இல்லை. சீயாக்காயை அவித்துக் கரைத்து, பழைய சாரத்துண்டால் கதவைத் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், முத்துகள் குறைந்திருந்தன. இரண்டாந்தரமும் கழுவினாள். பெயின்ற் பொருக்குவிட்ட இடத்தைச் சிமியோன் மெல்லிய அரத்தாளால் இடக்கையால் தடவி மட்டப்படுத்தினான். மூன்றாந்தரம் ஊற்றிய தண்ணீர் கதவு முழுக்க ஒரே படலமாக விரிந்து இறங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

கடைசித் துடைப்புக்கு ஸ்பிரிற் வேண்டி ஸ்ரெல்லா மருத்துவிச்சியிடம் போனாள். ஞானாம்பிகை போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "காயத்துக்கு வைச்சிருக்கிறது. ரெண்டு மூடி தாறன், சிந்திப்போடாதை."

சனி காலை கதவு நிழலில் ஆறியிருந்தபோது ஸ்பிரிற்றால் துடைத்துக் காயவிட்டாள். பிறகு அந்த இடத்தில் விரல் படவிடவில்லை. சிமியோன் பென்சிலால் அடையாளம் வைத்து மேல் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் மற்ற ஸ்ரிக்கரின் பின்தாளைக் கொஞ்சங்கொஞ்சமாக இழுத்து நடுவிலிருந்து வெளியே துணியால் அழுத்தினாள். ஒரு குமிழும் இல்லாமல் படிந்தது.

"நாளைவரைக்கும் ஈரம் படக்கூடாது" என்றாள்.

பத்துமணிக்கு யாகப்பு சைக்கிளில் ஓடிவந்தான். கடலோரத்து மீனவன், மார்கிரட்டின் புருஷன். "அக்கா, மார்கிரட்டுக்கு நோ தொடங்கிட்டுது. தண்ணிக்குடமும் உடைஞ்சிட்டுது."

வானம் கறுத்துக்கொண்டு நின்றது. "ஸ்ரிக்கர் இன்னும் பிடிக்கேல்லையடி" என்றான் சிமியோன்.

"பிள்ளை காத்துக்கொண்டு நிக்குமே? பெற்றோலை விடுங்கோ."

அவன் சொட்டுச் சொட்டாக விட்டான். மூன்றாம் முறை இயந்திரம் பிடித்தது. ஸ்ரெல்லா போய் ஞானாம்பிகையையும் மார்கிரட்டையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விட்டாள். ஞானாம்பிகை பின்சீற்றில் மார்கிரட்டைத் தாங்கிக்கொள்ள, பாதி வழியில் மழை கொட்டியது. கண்ணாடி துடைக்கும் தடி வேலை செய்யவில்லை. ஸ்ரெல்லா தலையை வெளியே நீட்டி, முகத்தில் மழை அடிக்க அடிக்க ஓட்டினாள். சந்தியில் நின்ற மாட்டுவண்டிக்காரன் கதவைப் பார்த்தான். மறுகணம் மாடுகளை ஓரங்கட்டினான்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" மார்கிரட் கத்தினாள்.

"வந்திட்டம் ராசாத்தி, கேற்றடி தெரியுது" என்றாள் ஸ்ரெல்லா. உண்மையில் அப்போது கேற்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் போய் முக்கால் மணித்தியாலத்தில் பெண்பிள்ளை பிறந்தது. யாகப்பு அழுதுகொண்டே ஸ்ரெல்லாவின் கையைப் பிடித்தான். ஸ்ரெல்லா ஈரச் சேலையோடு வெளியே வந்து கதவைப் பார்த்தாள். ஒரு மூலை நகமளவு எழும்பியிருந்தது. மற்றதெல்லாம் இறுக்கமாகவே நின்றது.

வீடு திரும்பியபோது சிவசுப்பிரமணியம் குடையோடு முற்றத்தில் நின்றார். காரைச் சுற்றி வந்தார். "மற்றச் சின்னம் எங்கை?"

"நான் பழுதாக்கிப்போட்டன்" என்றான் சிமியோன், ஸ்ரெல்லா வாய் திறக்குமுன்.

அவர் வெறுமையான கதவை விரலால் தடவினார். "அந்தப் பக்கத்துக்குப் பெயின்ராலை கீறத்தான் வேணும். நீர் கீறுவீரோ?"

"இடக்கையாலை கோணலாப் போகுமே."

"போகட்டும். கோணலெண்டாலும் தாயும் பிள்ளையும்தானே."

அன்று பின்னேரம் மழை விட்ட பிறகு, சிமியோன் கீறிப் பழக ஒரு கரித்துண்டோடு மதிலடியில் குந்தினான். முதல் வட்டம் முட்டைபோல வந்தது. இரண்டாவது அதைவிட மோசம். ஸ்ரெல்லா தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவன் நிமிரவில்லை. மூன்றாவது வட்டத்தின் இரண்டு முனைகளும் கிட்டத்தட்டச் சந்தித்தன.