யார் முறுக்கியது

ஸ்ட்ரெச்சர் உள்ளே சுலபமாகப் போய்விட்டது. அவள் கணவரின் உடலை ஏற்றிக்கொண்டு வெளியே வரத்தான் மாட்டேன் என்றது. கேரவனின் கதவுக்கும் பட்டறையின் தகரச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கிற இடம்தான் இருந்தது. சவ வண்டியோடு வந்த இருவரும் நேராக இழுத்துப் பார்த்தார்கள். பிறகு தலைப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினார்கள்.

"சாய்க்காதீங்க" என்றாள் அவள்.

அவர்கள் அவரைத் திரும்பவும் கட்டிலிலேயே கிடத்தினார்கள். "இந்த மேசைதான் இடிக்குது" என்றார் மூத்தவர்.

மெக்கானிக் உள்ளே ஏறி மண்டியிட்டு, மடக்கு மேசையைக் கழற்ற ஆரம்பித்தான். ஊரே அவனை நெட்டை என்றுதான் கூப்பிட்டது. கூரையில் இடிக்காமல் அவனால் அந்த வண்டிக்குள் நிமிர முடியாது. மேசை அவள் கணவர் பொருத்தியது. இரண்டு திருகாணி போதும் என்ற இடத்தில் நான்கு போட்டிருந்தார், நான்கும் இம்மி அசையவில்லை. எதையும் தேவைக்கு மேல் முறுக்குகிற மனுஷன். அவர் மூடி வைத்த ஊறுகாய் பாட்டிலைத் திறக்க அவள் பக்கத்து வீட்டுக்குப் போன காலம் உண்டு.

மேசை வந்துவிட்டது. அப்படியும் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை.

"வண்டியவே முன்னால தள்ளணும்க்கா" என்றான் நெட்டை. "பத்தடி போனாப் போதும். ஆனா மூணு பேரால ஆகாது."

"மாப்பிள்ளை வந்துக்கிட்டிருக்காரு."

"அப்ப இருப்போம்."

கேரவனின் எஞ்சின் பட்டறைத் தரையில், இரண்டு மரக்கட்டைகள்மேல் சாக்கு போர்த்தி உட்கார்ந்திருந்தது. மூன்று வாரமாக அப்படித்தான். அந்த மூன்று வாரமும் அவர்கள் இருவரும் இந்த வண்டியிலேயே, இந்தச் சுவரைப் பார்த்தபடியே குடித்தனம் நடத்தியிருந்தார்கள்.

முப்பத்தோரு வருஷம் தொலைதூரப் பஸ் ஓட்டினவர். ஓய்வு பெற்றதும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கட்டிலும் அடுப்பும் குழாயும் வைத்த இந்தப் பழைய வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். "ஊரையெல்லாம் கொண்டுபோய் விட்டாச்சு, இனி உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். நான்கு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு மேட்டில் ஏறும்போது எஞ்சின் கொதித்து நின்றது. நெட்டைதான் தலைப்பாகத்தைக் கழற்றி, நடுவில் இருக்கிற கேஸ்கெட்டை மாற்றி மூடிக்கொடுத்தான். "ஐநூறு கிலோமீட்டர் ஓடினதும் கொண்டாங்கண்ணே. போல்ட்டையெல்லாம் ஒரு சுத்து முறுக்கிக் குடுக்கறேன்" என்று சொல்லித்தான் அனுப்பினான்.

அவர் கொண்டுபோகவில்லை. "பன்னெண்டு போல்ட்டு முறுக்க இவன்கிட்டப் போய் நிக்கணுமா?" என்று ஒரு நடுப்பகலில் சாலையோரம் நிறுத்தி, தானே ஸ்பானரை எடுத்தார். வெயில் முகத்திலேயே அடித்தது. அவள் பக்கத்தில் குடை பிடித்து நின்றாள். ஏழாவது போல்ட்டில் முனகிக்கொண்டு, உடம்பு பாரத்தையெல்லாம் ஸ்பானரில் போட்டுத் தொங்கினார். போதுமே என்று அவளுக்கு நாக்கு வரை வந்தது. வண்டி விஷயத்தில் அவள் வாய் கொடுத்ததே கிடையாது.

இரண்டாம் நாள் எஞ்சின் போய்விட்டது. ஆயிலில் தண்ணீர் கலந்து பால்காப்பி நிறத்தில் வழிந்தது. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு இங்கேயே வந்தார்கள். இறங்குவதற்கு முன்னால் அவளைப் பார்த்து, "நீ வாயத் திறக்காத" என்றார். அவ்வளவுதான்.

அதன்பிறகு தினமும் காலையில் படியில் நின்றுகொண்டு நெட்டையைத் திட்டுவார். வேலை தெரியாதவன், எஞ்சினைக் கொன்னுட்டான், இன்னும் என்னென்னவோ. சாயங்காலமானால் அதே நெட்டை டீ வாங்கி வருவான். இருவரும் கவிழ்த்துப்போட்ட டிரம்மில் உட்கார்ந்து, எந்தச் சாலையில் எந்த வளைவு மோசம் என்று பேசுவார்கள். இதில் எது நிஜம் என்று அவளுக்குப் பிடிபட்டதே இல்லை.

இன்றைக்குக் காலையில் திட்டவில்லை. "கொஞ்சம் படுக்கறேன்" என்றார். அவள் துணி அலசிவிட்டு வந்து பார்க்கும்போது முடிந்திருந்தது. வந்த டாக்டர் இதயம் என்றார். "முன்னாடியே காட்டியிருந்தா…" என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் போய்விட்டார்.

நெட்டை எஞ்சின் பக்கத்தில் குந்தியிருந்தான். கழற்றிய திருகாணிகள் இன்னும் அவன் கையில் இருந்தன.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு தம்பி."

"அந்தத் தலைக்குப் புது போல்ட்டு போட்டிருக்கணும். நான் பழசையே போட்டேன். கடையில வர ஒரு வாரம் ஆகும்னான், அண்ணன் கிளம்பணும்னு நின்னாரு. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு தடவ இழுபட்ட போல்ட்டு, சரியாப் பிடிக்காது."

"அவருகிட்டச் சொன்னியா?"

"சொல்லணும்னுதான் தினமும் டீ வாங்கிட்டு வந்தேன்."

இத்தனை நாள் ஒரு குற்றத்தைச் சுமந்துகொண்டிருந்தாள். இவன் வந்து அதில் பாதியைத் தன்னுடையது என்கிறான். பாதிதானா, முழுசா? அப்படியானால் அந்தக் குடை பிடித்தது? கேட்க வாயெடுப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

மகள் நேராக அப்பாவிடம் ஓடினாள். மருமகன் வெளியிலேயே நின்று எஞ்சினை ஒரு பார்வை பார்த்தார். அலுவலகத்தில் கடிதம் எழுதியே தலை நரைத்தவர். காரில் வரும்போதே நெட்டைமேல் ஒரு புகார் எழுதி முடித்திருந்தார்.

"அத்தை, இதுல ஒரு கையெழுத்து போடுங்க. வண்டி இனி உங்களுதுதான?"

வாங்கிப் படித்தாள். கவனக்குறைவான பழுதுபார்ப்பின் காரணமாக, என்று தொடங்கியது. கணவரின் பேருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று இருந்தது. அதற்குமேல் படிக்க ஓடவில்லை.

"இந்த ஆளாலதான் மாமா இங்க மூணு வாரமாக் கிடந்தாரு. வண்டி ஓடியிருந்தா எங்க வீட்டுக்கு வந்திருப்பாரு. தெருமுனையில ஆஸ்பத்திரி. நான் தூக்கிட்டு ஓடியிருக்க மாட்டேனா?" கடைசியில் அவர் குரல் கம்மியது. கோபம் என்று அவள் நினைத்தது கோபம் மட்டும் இல்லை போலிருந்தது.

நெட்டை எழுந்தான். "நான் இல்லேன்னு சொல்லல சார். போடுங்கக்கா."

அவள் பேனாவை வாங்கினாள். அது எழுதுகிற பேனாவா என்று பார்ப்பதுபோல முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரும் முறுக்கினாரு மாப்பிள்ளை."

"யாரு?"

"உங்க மாமா. ரோட்டோரம் நிறுத்தி, பன்னெண்டு போல்ட்டையும். ரெண்டு நாள்ல வண்டி நின்னுபோச்சு."

மகள் கேரவன் ஜன்னலில் முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, அப்பாவை இப்படிக் கிடத்திட்டு அவரு மேலயே பழி சொல்றியா?"

"பழி இல்லடி. நான் கூடவே நின்னு குடை பிடிச்சேன்."

நெட்டை மெதுவாக, "தெரியும்க்கா" என்றான். "போல்ட்டுத் தலையில வேற ஸ்பானர் தடம் இருந்துச்சு. கழட்டின அன்னிக்கே பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் கேக்கல?"

"கேட்டா, நீ என்னடா போல்ட்டு போட்டேன்னு அவரு திருப்பிக் கேப்பாரு."

மருமகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இருங்க. அப்ப எஞ்சின் எதனாலதான் போச்சு?"

"சத்தியமாத் தெரியல சார். என் போல்ட்டா இருக்கலாம். அண்ணன் முறுக்கினதா இருக்கலாம். ரெண்டுமே இல்லாமலும் இருக்கலாம். எஞ்சினும் பழசு."

மருமகன் அந்தத் தாளைத் திரும்ப வாங்கி மடித்தார். மேல் பையில் வைத்தார். எடுத்தார். கால்சட்டைப் பையில் வைத்தார்.

நெட்டைக்கு எல்லாம் தெரியும் என்பது தன் கணவருக்குத் தெரியுமா என்று அவள் யோசித்தாள். தெரிந்துகொண்டேதான் அந்த டிரம்மில் உட்கார்ந்து டீ குடித்தாரா? கேட்கலாம் என்றால் பதில் சொல்ல வேண்டிய ஆள் உள்ளே படுத்திருந்தார்.

சவ வண்டிக்காரர்களில் மூத்தவர் தொண்டையைச் செருமினார். "ஆள் வந்தாச்சே. தள்ளிரலாமா?"

மருமகன் சட்டைக்கையை மடித்துவிட்டுப் பின்னால் போய், நெட்டைக்குப் பக்கத்தில் நின்றார். நான்கு பேரும் கை வைத்தார்கள். அப்போதுதான் ஸ்டீயரிங் பிடிக்க ஆள் இல்லை என்பது தெரிந்தது. மகள் அப்பா கையை விட்டு வரமாட்டேன் என்றாள்.

"அக்கா, நீங்க ஏறுங்க" என்றான் நெட்டை. "நேராப் பிடிச்சிருந்தாப் போதும். எஞ்சின் இல்லாததால ஸ்டீயரிங் கொஞ்சம் கனமா இருக்கும். நான் சொன்னதும் கைப்பிரேக்க இழுங்க."

அவள் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினாள். சீட் மிகவும் பின்னால் இருந்தது. கால் எதையும் தொடவில்லை.

"கீழ ஒரு பிடி இருக்கும்க்கா. அழுத்தினா சீட் முன்னால வரும்."

"இருக்கட்டும்" என்று நுனியில் உட்கார்ந்துகொண்டாள்.

"பிரேக்க எடுங்க."

எடுத்தாள். பின்னால் நான்கு பேர் மூச்சுப் பிடிக்கும் சத்தம் கேட்டது. வண்டி முதலில் அசையவில்லை. பிறகு அடுக்கில் இருந்த தம்ளர்கள் லேசாக ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. தகரச் சுவர் ஜன்னலில் பின்னோக்கி நகர்ந்தது. அவள் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, எதிரே தெரிந்த பட்டறை வாசலைப் பார்த்தாள்.

"மெதுவா" என்றாள். "மெதுவாப் போங்க."

தள்ளுகிறவர்களுக்கு அது கேட்டிருக்காது.