தர்ஸ்டனின் வலது காது

ஞாயிறு ஜெபம் முடிந்து, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைப் பார்த்து ஆண்கள் வில்லோடு நின்றபோது, தர்ஸ்டன் இழுத்த நாண் தாடையோடு நின்றுவிட்டது. விரல்கள் விட்டன. அம்பு பாதி வழியில் புல்லில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஞாயிறுதோறும் ஆண்பிள்ளைகள் அம்பு எய்தே தீரவேண்டும் என்பது ராஜாவின் உத்தரவு. பெண்களுக்கு அப்படி உத்தரவு எதுவும் இல்லை. நாங்களாகத்தான் போய் வேலியில் சாய்ந்துகொண்டு நிற்கிறோம். ஊர்ச் சங்கதி முழுவதும் ஒரே இடத்தில் வேறெங்கே கிடைக்கும்?

தர்ஸ்டனின் வில்லை எங்கள் ஊரில் வேறு யாரும் முழுதாக இழுத்ததில்லை. அது கைப்பலத்துக்கு மசிகிற வில் இல்லை. முதலில் அதைத் தரையைப் பார்க்கச் சாய்ப்பான், முழங்காலை மடக்குவான், பிறகு இடது தோளை வில்லின் மரத்துக்குள்ளேயே நுழைக்கப் போகிறவன் மாதிரி கொடுத்துக்கொண்டு நிமிர்வான். வலது கை இழுப்பதே தெரியாது. முதுகில் தோள்பட்டைகள் நெருங்க, மார்பு கதவு திறந்த மாதிரி விரியும். நாண் காதைத் தொடும்போதே விரல்கள் விட்டிருக்கும். காதருகே நிறுத்திவைத்து யோசிக்கிற பேச்சே கிடையாது. அவ்வளவு கனத்தை நிறுத்தினால் தோள் போகும், இல்லையென்றால் வில் போகும்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் தாடையோடு நின்றது. அவன் மனைவி ஆட்ரியின் அண்ணன் ஜெர்வாஸ், கொல்லுப்பட்டறைக்காரன், சும்மா இருப்பானா? “என்ன மாப்ள, தாடில நாண் சிக்கிக்கிச்சா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆட்ரி மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மூக்கில் வியர்த்தது அங்கேதான்.

அறுவடைக்கு முன்பு படைக்கு ஆள் எடுக்க அதிகாரி வருகிறார் என்று தகவல். நன்றாக எய்பவனைக் கப்பலேற்றிப் பிரெஞ்சு தேசத்துச் சண்டைக்கு அனுப்பிவிடுவார்கள். போன தடவை போனவர்களில் செருப்புத் தைப்பவன் ஒருவன்தான் திரும்பினான், அவனும் முழுதாக வரவில்லை. ஆட்ரிக்கோ வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. ஆக, நடிப்பு. கண்டுபிடித்ததில் எனக்கு மகா திருப்தி. அப்படியும் யாரிடமும் மூச்சு விடவில்லை. என் விஷயத்தில் இது அபூர்வம்.

காணாமல்போன கோழியைத் தேடி ஒரு மத்தியானம் அவர்கள் வேலியோரம் போனேன். கோழி அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆட்டுக்கிடைக்குப் பின்னால் தர்ஸ்டன் தனியாக நின்று வில்லை இழுத்துக்கொண்டிருந்தான். தாடையோடு நின்றது. மறுபடி இழுத்தான். மறுபடியும் தாடை. யாருக்காக நடிக்கிறான்? ஆடுகளுக்கா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆட்ரி பார்லி மதுவோடு வந்தாள். “இப்ப எதுக்கு நிஜமா இழுத்துப் பாக்குற?”

“சும்மாதான். அந்த இழுப்பு இன்னும் இருக்கான்னு பாத்தேன்.”

“இருக்கா?”

அவன் தன் வலது கையை யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி திருப்பிப் பார்த்தான். “தாடைகிட்ட வந்ததும் வெரலு தானா விட்டுடுது ஆட்ரி. நான் விடல.”

“நல்லதாப் போச்சு. அதிகாரி வர்ற அன்னைக்கி நடிக்கவே வேணாம்.”

“மாட்டேன்னு நிக்கிறது வேற. முடியலன்னு நிக்கிறது வேற.”

ஆட்ரி வேலிப் பக்கம் திரும்பாமலே, “கேட்டாச்சுல்ல அக்கா, இங்கிட்டு வாங்க” என்றாள். போனேன். வேறென்ன செய்வது? “இவன் போகணும்ங்கிறானா, போகக்கூடாதுங்கிறானா? உங்களுக்காச்சும் புரியுதா?” என்று கேட்டாள். ஊரில் எல்லார் வீட்டு விவகாரத்துக்கும் அர்த்தம் சொல்கிறவள் நான். மதுவை வாங்கிக் குடித்துவிட்டு, கோழியைத் தேட வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

அதிகாரி வந்த அன்று தூறல். தூரத்தில் ஒரு கம்பு நட்டிருந்தார்கள். அம்பு அதைத் தாண்டினால் கப்பல், தாண்டாவிட்டால் வீடு. ஜெர்வாஸுக்கு நாண் தோளோடு நின்றுபோய், அம்பு கம்புக்கு முன்னாலேயே விழுந்தது. எங்கள் பக்கம் வந்து நின்றவனுக்குச் சிரிப்பதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. வாய் மட்டும் கோணிக்கொண்டிருந்தது.

அடுத்தது தர்ஸ்டன். “தாடையோட நிக்கட்டும், தாடையோட நிக்கட்டும்” என்று ஆட்ரி முணுமுணுத்தாள். அவன் முழங்காலை மடக்கியதும் அவளுடைய ஜெபம் மாறிவிட்டது. “பாவம், காதுவரைக்கும் ஒரு தடவ வந்துரட்டும்.”

தோள் மரத்துக்குள் நுழைந்தது. மார்பு விரிந்தது. நாண் தாடையைத் தாண்டியது. காதைத் தொட்டது.

விரல்கள் விடவில்லை.

அதிகாரி தலையைத் தூக்கினார். ஜெர்வாஸின் வாய் திறந்தபடியே நின்றது. தர்ஸ்டன் கம்பைப் பார்த்தான், பிறகு ஆட்ரியைப் பார்த்தான், மறுபடி கம்பைப் பார்த்தான். வில்லின் மரம் முனகியது. வலது காதோரம் நாணைப் பிடித்த மூன்று விரல்களும் வெளுத்துக்கொண்டே போயின. ஆட்ரியின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அந்த விரல்களும் வெளுத்திருந்தன.