படிவத்தில் ஏறிய பிடியரிசி

வருமான வரிப் படிவம் வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் உட்காரவில்லை. சாப்பிடும்போதுகூடப் பாதியில் எழுந்து ஜன்னலண்டை போய் வருவார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் முன்னறை என்பது எட்டு அடி வைத்தால் முடிந்துபோகும். அதற்குள் அவர் நடந்த நடையைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது.

அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதுவதற்குத் தடையில்லை என்று நினைக்கிறேன். தானியேல் கந்தையா, ரயில்வே ஆபீஸில் தலைமைக் கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடமாகிறது. வாரத்தில் ஆறு நாள் சர்க்கார் வேலை, ஞாயிற்றுக்கிழமை கர்த்தரின் வேலை. கிள்ளானில் ரோட்டு வேலைக்காரர்களுக்கென்று அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு ஜெபவீடு இருக்கிறது. அங்கே பிரசங்கம் செய்யும் தகுதிக்காக மூன்று வருடம் படித்தார். மதராஸிலிருந்து புத்தகங்கள், பரீட்சைக் கட்டணம், வாராவாரம் ரயில் டிக்கெட். ரயில்வேக்காரருக்குப் பாஸ் உண்டே என்று நானும் கேட்டேன். அது சர்க்கார் வேலைக்குத்தான் என்று சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட மனிதரோடு குடித்தனம் செய்வதற்கு யாராவது பரீட்சை வைத்திருந்தால் நான் முதல் வகுப்பில் தேறியிருப்பேன்.

ஊழியத்துக்குச் சம்பளம் ஒரு சதமும் கிடையாது. அதில்தான் அவருக்கு உயிர். கூலி வாங்காமல் பேசுகிறேன் என்பதை அவர் பெருமையாகச் சொல்லமாட்டார். ஆனால் அந்த நினைப்பில்தான் அவர் முதுகு நிமிர்ந்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

போர் முடிந்ததும் சர்க்காருக்குப் பணம் தேவைப்பட்டது, எங்களுக்கு வரி வந்தது. அவருடைய சம்பளம் வரம்பைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. படிப்புச் செலவைக் கழித்துவிட்டால் வரியே இல்லை. மிச்சமாகும் பணத்தில் ஒரு தையல் மெஷின் வாங்கலாம் என்று நான் மனதுக்குள் அதை ஜன்னலோரம் வைத்தும் பார்த்துவிட்டேன்.

ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் ராதாகிருஷ்ணன் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். படிவத்தை இரண்டு தடவை படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"செல்லாதுண்ணே. வருமானம் வர்றதுக்காகப் பண்ண செலவுன்னாதான் கழிப்பாங்க. சம்பளம் வாங்குற பாதிரியாருன்னா பரவால்ல. நீங்க சும்மால்ல பேசுறீங்க?"

ராதாகிருஷ்ணன் போன பிறகு மறுபடியும் இவர் நடை தொடங்கியது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம்.

"இஞ்சாருங்கோ, அப்ப மாசாமாசம் கொண்டுவாற அரிசி என்னவாம்?"

நடை நின்றது.

அது பிடியரிசி. கிள்ளானில் அந்தப் பெண்கள் உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் பானையில் போடும் அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்து, சாமிக்கு என்று தனிச் சட்டியில் போடுவார்கள். அதை யாரும் அளப்பதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாச் சட்டியையும் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் கொட்டிச் சேர்ப்பவள் மாரியாயி. கல் உடைக்கிற வேலை அவளுக்கு. இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை, ஆனால் ஜெபவீட்டின் சாவி அவளிடம்தான் இருக்கும். சேர்ந்ததைத் துணியில் கட்டி இவர் கையில் கொடுப்பாள். முதல் வருடம் இவர் வேண்டாமென்றார். ரயில் கிளம்பும்வரை மூட்டையை நீட்டியபடியே நின்றாளாம். பச்சரிசி, புழுங்கல், குருணை எல்லாம் கலந்த அரிசி அது. ஒன்று குழைந்தால் ஒன்று வேகாது. வைதுகொண்டேதான் சமைப்பேன். சாப்பிட்டோம்.

"அது வருமானம் எண்டு எழுதலாமோ?" என்று கேட்டார்.

"வாங்கினது உண்மைதானே?"

உண்மை என்ற சொல் போதும் அவருக்கு. பக்கத்து வீட்டில் மலாய்க் கந்தாங் படி இரவல் வாங்கி, அந்த மாத மூட்டையை அளந்தார். மாதம் மூன்று கந்தாங், பிரசங்கத்துக்குக் கிடைத்தது என்று வருமானத்தில் எழுதி, படிப்புச் செலவைக் கழித்து, தபாலில் போட்டார். அன்றும் உட்காரவில்லை.

மூன்று வாரத்தில் வரி ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அரிசி கொடுத்தவர்கள் அதைப் பிரசங்கத்துக்குக் கூலியாகத்தான் கொடுத்தார்கள் என்று எழுதிக் கையொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். அவரே அழகான தமிழில் எழுதினார். நாலு தடவை கிழித்து நாலு தடவை எழுதினார்.

ஞாயிறன்று நானும் கூடப் போனேன். ரயிலில் காகிதத்தைச் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். பிரசங்கத்தில் ஒரே வசனத்தை இரண்டு தடவை வாசித்தார். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் வியர்த்தது.

கூட்டம் கலைந்ததும் மாரியாயியைக் கூப்பிட்டார்.

"மாரியாயி, இதிலை ஒரு கைநாட்டு வைக்கவேணும்."

"வைக்கிறேனுங்க ஐயா. என்ன எழுதியிருக்குது?"

வேறொருவராக இருந்தால், ஏதோ சர்க்கார் காகிதம் என்று சொல்லி முடித்திருப்பார். இவர் முழுவதையும் வாசித்தார். மாதம் மூன்று கந்தாங் அரிசி, ஐயா பிரசங்கம் செய்ததற்குக் கூலியாகக் கொடுத்து வருகிறோம் என்ற வரியில் அவர் குரல் இறங்கியது.

மாரியாயி சாவியைச் சேலை முனையில் முடிந்து, அவிழ்த்து, மறுபடி முடிந்தாள்.

"கூலியாங்க ஐயா? நாங்க சாமிக்குன்னுல்ல எடுத்து வச்சோம்."

"அது சட்டத்திலை எழுதிற முறை, மாரியாயி. அவ்வளவுதான்."

"கூலி நாங்க வாங்குறவங்க. குடுத்துப் பழக்கமில்லீங்க." கோபமில்லாமல்தான் சொன்னாள். "ஐயா சொன்னா சரிதான்."

மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தி, காகிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு எங்கே வைப்பது என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு வெட்கம் வந்தது. சின்ன வெட்கமில்லை. யோசனை சொன்ன வாய் என்னுடையது. தையல் மெஷினும் நானுமாக அந்த இடத்தைவிட்டு ஓடிப்போகலாம் போலிருந்தது.

அவர் காகிதத்தை மெல்ல இழுத்துக்கொண்டார். இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்தார்.

"வேண்டாம் மாரியாயி. நான் பிழை விட்டிட்டன்."

அவள் தலையாட்டிவிட்டு, விரலிலிருந்த மையைச் சுவரில் துடைத்தாள். நாங்கள் வரியைக் கட்டினோம். தையல் மெஷின் ஜன்னலோரத்திலிருந்து போய்விட்டது. இதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அவர்கூட அந்த மாதம் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறும் நான் கிள்ளானுக்குக் கூடப் போனேன். கூட்டம் முடிந்ததும் மாரியாயி தகரத்தோடு வந்தாள். கூடவே ஒரு கந்தாங் படியும் ஒரு மரச்சட்டமும். எங்கள் கண்ணெதிரே அளந்தாள். ஒவ்வொரு படியையும் சட்டத்தால் தலைதட்டினாள். ஒன்று, இரண்டு. தகரம் காலியானது. பிறகு மடியிலிருந்து ஒரு கடைப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்து மூன்றாவது படியை நிரப்பினாள். அது ஒரே நிறமான, பளபளக்கும் அரிசி.

"என்ன மாரியாயி இது?"

"ரெண்டு குடும்பம் காஜாங் பக்கம் வேலைக்குப் போயிருச்சுங்க ஐயா. பிடி கொறஞ்சுபோச்சு. கடுதாசில மூணுன்னு படிச்சீங்கள்ல? கடையில கடன் சொல்லி வாங்கினேன்."

"அந்தக் கடுதாசியை நான் கிழிச்சுப்போட்டனே."

"பாத்தேனுங்க." மூட்டையை இறுக்கிக் கட்டினாள். "இருந்தாலும் கூலின்னு ஆயிருச்சு. கூலியில கொற வைக்கிறது பாவங்க. வாங்குற எங்களுக்குத்தான் அது தெரியும்."

அவர் அந்தக் கடை அரிசியையாவது திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். அவள் கையை நீட்டவேயில்லை. ஜெபவீட்டைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு, மற்றப் பெண்களோடு ரோட்டில் இறங்கிப் போய்விட்டாள்.

திரும்பும் ரயிலில் எங்கள் பெட்டி காலியாகவே இருந்தது. அவர் மூட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கிள்ளானிலிருந்து கோலாலம்பூர்வரை கதவோரம் நின்றே வந்தார். உட்காருங்கோ என்று நான் சொல்லவில்லை.