சிரிக்க வைக்கச் சொன்னார் டாக்டர்

ஷோபா தன் கணவனின் மஞ்சள் ஹெல்மெட்டையும் ஃபேக்டரி ஷூவையும் மாட்டிக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். அவனுடைய சூப்பர்வைசரைப் போல வயிற்றைத் தள்ளி, இடுப்பில் கையூன்றி, கன்னடத்தில் அதட்டினாள். ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்த செல்போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. பாயில் உட்கார்ந்திருந்த வேந்தன் அவளைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான்.

"போதும் ஷோபா. காலு வலிக்கப் போவுது."

"ஒரே ஒரு வாட்டி சிரிச்சுத் தொலைய்யா."

"வந்தா சிரிக்க மாட்டனா?"

ஹெல்மெட்டைக் கழற்றி மூலையில் எறிந்தாள். ஞாயிறு பாதி ஓடிவிட்டது. நாளைக்கு ஃபேக்டரியில் விசாரணை. கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், இந்த மனிதன் குடித்துவிட்டு வேலைக்கு வரவில்லை என்று நிரூபிக்க வேண்டும். பீடிகூடத் தொடாதவன். கேன்டீனில் யாரோ அடித்த ஜோக்குக்குச் சிரித்தவன் முழங்கால் மடங்கிச் சரிந்திருக்கிறான், வாய் குழறியிருக்கிறது. அவ்வளவுதான், குடிகாரன் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்தபடியே தூங்குகிறவன் என்ற கெட்ட பெயர் ஏற்கெனவே இருந்தது.

பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் தூக்கத்தை ஆராய்ச்சி செய்கிற டாக்டர் மமதாவிடம் போனார்கள். தலை முழுக்க ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்தார். மறுநாள் பகலிலும் விட்டு விட்டுத் தூங்கச் சொன்னார். ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குகிற மகராசன், தூங்கு என்று சொன்னதும் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தான். சோதனை இரண்டுங்கெட்டானாக முடிந்தது. மூளையில் நம்மை விழித்திருக்க வைக்கிற உயிரணுக்கள் உண்டு, சிலருக்கு அவை செத்துப்போகின்றன, ஏன் என்றுதான் நாங்களும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார் டாக்டர். அந்த நோய்க்காரர்களில் சிலர் சிரித்தால் உடம்பு துவண்டு விழுவார்களாம். நினைவு மட்டும் தப்பாதாம்.

"அதை நான் பார்க்கணும்மா. வீட்ல சிரிக்க வைங்க, வீடியோ எடுத்து அனுப்புங்க. அதுதான்னு தெரிஞ்சா உடனே சர்டிஃபிகேட் தர்றேன், மருந்தும் ஆரம்பிச்சுடலாம்."

சிரிக்க வைங்க என்றதும் ஷோபாவுக்கு அழுகைதான் வந்தது. ஆண்டர்சன்பேட்டையில் அவள் பிறந்த தெருவே அவள் பேச்சுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். கல்யாணமான புதிதில் வேந்தனும் சிரித்தான். பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, அவள் வாயைத் திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தான். சண்டை போட்டாள், இன்னொருத்தி இருக்கிறாளோ என்று சட்டைப்பையைத் துழாவினாள், கடைசியில் பேச்சையே குறைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அவன் வாய் திறந்தான். "நீ பேசனா சிரிப்பு வந்துரும்னு பயம் ஷோபா. ஒரு வாட்டி அடுப்பாண்டயே உழ இருந்தேன்." இத்தனை வருஷம் வீணாய்ப் போனதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போதும் அந்தக் கோபம் அடங்கவில்லை. கல்லாக இருந்து பழகிய முகம், சிரி என்று கெஞ்சினாலும் அசையவில்லை.

போனில் காமெடி எதையாவது தேடலாம் என்று எடுத்தபோது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. சின்னப்பா. அவர்கள் தியானத்துக்குப் போகும் புத்த விகாரின் தலைவர், வேந்தனின் அப்பாவோடு தங்கச் சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் இறங்கியவர். வேந்தன் எழுந்து நாற்காலியை அவருக்குப் போட்டுவிட்டுக் கதவோரம் நின்றான்.

"வர்ற வாரத்துலருந்து புள்ளைங்களுக்குத் தியான கிளாஸ் வெக்கறோம் வேந்தா. நீதான் நடத்தணும்."

"நானா மாமா?"

"வேற யாரு? உன்ன மாதிரி உக்கார இந்தக் கேஜிஎஃப்ல ஆளு கீதா? நான் அப்பப்ப ஒத்தக் கண்ணத் தொறந்து பாப்பேன். மத்தவங்கல்லாம் நெளியறாங்க, நீ அசையறதே இல்ல. போன பௌர்ணமிக்கு நாங்கல்லாம் எழுந்து போய்ப் பாயசமே குட்ச்சிட்டோம். நீ மட்டும் உள்ளயே கீற. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சுப்பா."

அன்றைக்கு அவன் லேசாகக் குறட்டை விட்டதும், அவள் பின்னாலிருந்து விலாவில் கிள்ளியதும் ஷோபாவுக்குத்தான் தெரியும். வேந்தனைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்துவிட்டாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அவளுக்குத்தான் முதலில் மூக்கு வழியாகப் பீறிட்டது. அவ்வளவுதான், அவனும் சிரித்துவிட்டான். பழைய சிரிப்பு, தோள் குலுங்கும் சிரிப்பு. அடுத்த கணம் தாடை தொங்கியது, தலை மார்பில் கவிழ்ந்தது, முதுகு கதவை உரசிக்கொண்டு கீழே இறங்கியது.

ஷோபாவின் கை தானாக அவனைத் தாங்கப் போனது. அதை இழுத்துக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்து வீடியோவை ஓடவிட்டாள்.

"இன்னாமா இது! புருஷன் உழுந்து கெடக்கறான், நீ படம் புட்ச்சிக்கினு கீற!" சின்னப்பா பதறி எழுந்து அவன் தோளைப் பற்றப் போனார்.

"தொடாதீங்க மாமா. கொஞ்ச நேரம்."

தரையில் கிடந்தவனுக்கு எல்லாம் கேட்கிறது என்று அவளுக்குத் தெரியும். பாதி மூடிய இமைகளுக்குள் விழிகள் அவளைத் தேடின. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணீரும் நிற்கவில்லை. ஆடுகிற போனை இரண்டு கையாலும் பிடித்தாள். அவன் கழுத்து மெல்ல நிமிர்ந்தது. அவள் சிரிப்புச் சத்தம் கேட்டு மறுபடியும் துவண்டது. இன்னொரு முறை நிமிர்ந்தது, துவண்டது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஒரு கையால் துப்பட்டாவைச் சுருட்டித் தன் வாயில் திணித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, அவன் எழுந்திருக்கக் காத்து நின்றாள்.