தெரியவில்லை என்றொரு கட்டம்

காவல் நிலையத்தின் பின்னறையில், பறிமுதல் செய்த சைக்கிள்களுக்கும் கதவு மூடாத பீரோவுக்கும் நடுவே ஒரு கணினி. ஒன்பது வருஷமாக அதில் புகார்களைப் பதிவு செய்துவந்தாள் அவள். ஒப்பந்த வேலை. எல்லோருக்கும் 'பதிவக்கா'. குழாய் வேலை தெரிந்த புருஷனோடு பதினெட்டு வருஷத்துக்கு முன்பு இந்த நாட்டில் வந்து குடியேறியவள் என்பதே அங்கே பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது.

ஒவ்வொரு புகாரின் கடைசியிலும் ஒரு கேள்வி வரும்: குற்றவாளி யார்? அதற்கு மூன்று கட்டங்கள். இந்நாட்டவர், குடியேறியவர், தெரியவில்லை. பெரும்பாலும் மூன்றாவதில்தான் அவள் விரல் போய் நிற்கும். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகிறவன் விலாசம் எழுதி வைத்துவிட்டா போகிறான்!

புதிதாக வந்த இன்ஸ்பெக்டருக்கு அந்தக் கட்டம் கண்ணை உறுத்தியது. ஆண்டறிக்கை அனுப்ப வேண்டிய வாரத்தில் அவளைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, பாதிக்கு மேல 'தெரியவில்லை'ன்னு போட்டிருக்கே? மேலிடத்துல நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க? எல்லாத்தையும் ரெண்டாவது கட்டத்துக்கு மாத்து."

"ஆளே பிடிபடலையே ஐயா."

"நம்ம ஆளா இருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்கும். தெரியலைன்னா வந்தவன்தானே?"

"அப்போ போன வாரம் காணாமப் போன உங்க குடையையும் அதுலயே சேர்த்துடட்டுங்களா?"

பக்கத்தில் நின்ற ஏட்டு இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார்.

"நானும் அந்தக் கட்டத்துல வர்றவதான் ஐயா."

"உன்னைச் சொல்லலைம்மா. நீ வேற."

"வேற இல்லைங்க. நான் மாத்த மாட்டேன். மாத்தித்தான் ஆகணும்னா உத்தரவை எழுதிக் குடுங்க."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. மறுநாள் வேறு யாரோ மாற்றியிருந்தார்கள். அடுத்த வாரம் செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் வந்தது: பத்துக் குற்றங்களில் ஏழு, குடியேறியவர்கள் செய்தவை.

அன்று சாயங்காலம் புருஷன் தோளில் மாட்டிய பையை இறக்காமலே உட்கார்ந்தான்.

"ஆறு வருஷமாப் போற வீடு. சாவியைக் கையில குடுத்துட்டு வெளிய கிளம்புற அம்மா, இன்னைக்குக் குழாய்க்குக் குழாய் என் பின்னாலேயே வந்து நின்னாங்க." பையைக் கழற்றிக் கீழே வைத்தான். "நமக்கு எதுக்கு வம்புன்னு உன்கிட்ட சொன்னேன். வம்பு வீடு தேடி வந்திருச்சு. ஞாயித்துக்கிழமை இந்த அறிக்கையைப் பத்தி போலீஸ் ஊர்க்கூட்டம் போடுறாங்களாம், அதுக்குப் போ. நானும் வர்றேன்."

நகர மண்டபம் நிரம்பியிருந்தது. இன்ஸ்பெக்டர் பெரிய படம் போட்டுக் காட்டினார். அதில் குடியேறியவர்களைக் குறிக்கும் சிவப்பு, பத்தில் ஏழு பங்கு. அவர் பேசி முடிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். கையில் அவள் முதலில் தயாரித்த அறிக்கையின் நகல்.

"மொத்தப் புகார் இருநூத்திப் பதினொண்ணு. ஆள் யாருன்னே தெரியாதது நூத்தி முப்பத்தெட்டு. பிடிபட்டது எழுபத்திமூணுதான். அதுல குடியேறினவங்க ஒன்பது பேர்."

"உன் ஆளுங்களுக்கு வக்காலத்தா?" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

"அந்த ஒன்பது பேரையும் பதிஞ்சதே என் கைதாங்க. திருடின எவனுக்கும் நான் பரிஞ்சு பேசலை. திருடாதவன் தலையில ஏன் கட்டுறீங்கன்னு கேக்குறேன்."

"உட்காரும்மா!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒன்பது வருஷமா உட்கார்ந்துதாங்க இருந்தேன்."

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு டீச்சர் எழுந்தார். "ஐயா, என் ஸ்கூட்டர் போய் எட்டு மாசமாச்சு. வந்தவன்தான் எடுத்தான்னு போட்டிருக்கீங்கன்னா ஆளைக் கண்டுபிடிச்சாச்சுன்னு அர்த்தம். வண்டியை எப்போ குடுப்பீங்க?"

"என் செயின்?" என்றது இன்னொரு குரல். "என் கடையில தூக்கினது?" நாற்காலிகள் நகரும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. இன்ஸ்பெக்டர் தண்ணீர் குடித்தார்.

திங்கட்கிழமை அவளுடைய ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். பத்து நாள் கழித்துச் செய்தித்தாளின் ஏழாம் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்தில் திருத்தம் வந்தது. தவறுதலாக நேர்ந்த பிழையாம்.

நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள் என்று ஏட்டு ரகசியமாகச் சொல்லி அனுப்பினார். நல்ல மனுஷர். அவருக்கு அவள் நன்றி சொன்னாள். காவல் நிலையத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் மேசை போட்டாள். "இங்கே புகார் மனு எழுதித் தரப்படும்" என்று தன் கையாலேயே பலகை எழுதி, இன்ஸ்பெக்டர் அறை ஜன்னலுக்குத் தெரிகிற மாதிரி மாட்டினாள்.