என் பங்கு மருந்து

எங்கள் ரொட்டிக்கடைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மாவு பிசையும் கையைத்தான். நாற்பது வருடமாக எங்கள் கையை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அதனால் தம்பி மகள் பள்ளி நோட்டோடு வந்து என் முன்னால் நின்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"நர்ஸம்மா வகுப்பு எடுத்தாங்க பெரியப்பா. என் விரலிடுக்கப் பாத்துட்டு சிரங்குன்னாங்க. வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல மருந்து பூசணுமாம், அரிப்பு இல்லாதவங்களும். போர்வையெல்லாம் வெந்நீர்ல போடணுமாம்."

"அதெல்லாம் அழுக்குப் பிடிச்ச வீட்டுக்கு வர்றது. நம்ம வீட்டுக்கு எப்படி வரும்?"

"அழுக்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்லையாம். நீங்க இப்படித்தான் கேப்பீங்கன்னு அதையும் எழுதிட்டு வந்தேன்."

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு போய் ஆளுக்கொரு புட்டி வாங்கி வந்தான். எல்லோரும் கழுத்திலிருந்து கால்வரை பூசிக்கொண்டார்கள். நான் குளியலறைக் கதவைத் தாழிட்டு என் பங்கைச் சாக்கடையில் ஊற்றினேன். இரண்டு மாதமாக என் கையிலும் இடுப்பிலும் அரிப்பு இருந்தது. முழுக்கைச் சட்டைக்குள் அது யாருக்கும் தெரியாது. பூசினால், நோய் என்னிடமும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

தினமும் மாலையில் என் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பவள் தம்பி மகள்தான்.

ஒரு மாதத்தில் அவளுக்குத் திரும்ப வந்தது. ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று திட்டினேன். மறுபடி மருந்து வந்தது; என் பங்கு மறுபடி சாக்கடைக்குப் போனது. அவள் சொறிந்த இடங்கள் சீழ் வைத்தன. வெளியே தெரிந்தால் கடை என்னாகும் என்று டாக்டரிடம் காட்டவும் நான் விடவில்லை.

ஒரு காலை, முகம் வீங்கி எழுந்தாள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது.

புண்ணில் இருந்த கிருமியால் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். தேறிவிடுவாளா என்று தம்பி கேட்டான். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

"ரெண்டு தடவை பூசியும் ஏன் போகல? வீட்டுல யாராவது பூசாம விட்டாங்களா?"

"இல்ல டாக்டர். எங்க அண்ணனே முதல் ஆளாப் பூசினாரு. அவரு ஒண்ணு செஞ்சேன்னு சொன்னா செஞ்சதுதான்."

அவன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் பொத்தானைக் கழற்றிச் சட்டைக் கையை மேலே சுருட்டினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தடித்துக் கிடந்ததை டாக்டர் பார்த்தார். தம்பியும் பார்த்தான். தன் நாற்காலியை என்னிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டான்.

கட்டிலில் கிடந்தவள் வீங்கிய இமைகளைப் பிரித்து என் கையையே பார்த்தாள்.

"ரொம்ப அரிச்சிருக்குமே பெரியப்பா," என்றாள். "எப்படித் தாங்கினீங்க?"