வீட்டு மாப்பிள்ளை, மயக்க டாக்டர்

குழந்தைகளுக்கான டாக்டராக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. மேல்படிப்புக்கு எழுதிப்போடும் நேரத்தில் கல்யாணப் பேச்சு வந்தது. பெண்ணின் அண்ணன் எலும்பு டாக்டர், சொந்த ஆஸ்பத்திரிக்காரர். "மயக்க மருந்து எடுத்துப் படிங்க மாப்ள. ஆபரேஷனுக்கு வெளியாளைக் கெஞ்ச வேண்டாம் பாருங்க," என்றார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நம்பினவன் எவனும் உருப்பட்டதில்லை. இவர் நம்பினார்.

தலை நரைக்கும்வரை மச்சான் ஆஸ்பத்திரியில் நோயாளியின் தலைமாட்டு ஸ்டூலே கதி. தூங்க வை, மூச்சைப் பார், எழுப்பு. தூங்குகிறவனோடு என்ன பேச்சு?

இன்று மூன்று மணிக்கு வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் நேர்காணல். தீராத வலிக்காரர்களை உட்காரவைத்து, கேட்டு, மருந்து கொடுக்கிற வேலை. போகாவிட்டால் இடம் போச்சு. மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

கிளம்பும்போது மச்சான் மறித்தார்.

"ஒரே ஒரு மணிக்கட்டு ஆபரேஷன் மாப்ள. தூங்க வச்சுட்டுக் கிளம்புங்க. உங்களை மாத்துற டாக்டரம்மா கீழ காரை நிறுத்திட்டிருக்காங்க."

தூங்க வைத்தவர் இன்னொரு மயக்க டாக்டரிடம் ஒப்படைக்காமல் அறையை விட்டு நகரக் கூடாது. மச்சானுக்கும் அது நன்றாகத் தெரியும். மாற்றாளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியைத் தொட்டிருக்க வேண்டும். அவசரத்தில் தொட்டுவிட்டார்.

குழாய் தொண்டைக்குள் இறங்கி மூச்சு சீரானதும், "டாக்டரம்மா வர்றாங்களா பாருங்க சிஸ்டர்," என்றார்.

நர்ஸ் தரையைப் பார்த்தாள். "அவங்க இன்னைக்கு லீவு சார்."

மச்சான் கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த ஆஸ்பத்திரியில எனக்கு ஆள் இல்லைன்னு நினைச்சீங்களா? வீட்டு மாப்பிள்ளை வேலை தேடி அலையிறார்னு நாலு பேர் பேசணுமா?"

"கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"சொன்னா விட்டிருப்பேனா? பிரஷரைப் பாருங்க மாப்ள, இறங்குது."

இறங்கித்தான் இருந்தது. வாயில் வந்த வசவை விழுங்கிக்கொண்டு மருந்தைச் சரிசெய்தார். கதவு நாலு எட்டு தூரம். படுத்திருந்த லாரி டிரைவர் என்ன பாவம் செய்தான், அவனைப் போட்டுவிட்டு ஓட? பையில் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

டிரைவர் விழித்தபோது மூன்று மணி எப்போதோ தாண்டியிருந்தது.

"அடுத்தது முழங்கால்," என்றார் மச்சான், கையுறையைக் கழற்றியபடி.

"மாத்துறவங்க முகத்தைப் பார்க்காம இனி ஊசியைத் தொடமாட்டேன்."

"மாத்துறதுக்கு ஆள் எதுக்கு மாப்ள? இனிமே எங்க போகப் போறீங்க?"

சிஸ்டர் மெல்லக் கதவைத் திறந்தாள். முழங்கால்காரரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வயதானவர், பயத்தில் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை. பெரியவர் கையை விட்டதும் இவர் மருந்துக் குப்பியின் பெயரை ஒரு முறைக்கு இரு முறை வாசித்துவிட்டு, ஊசியில் உறிஞ்சினார்.